வாசலில் விழுந்தவை

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தாறு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

தூத்துக்குடியில் ஒரு சின்ன இணையக் கம்பெனி. ஊரில் சில தெருக்களுக்கும், சுற்றியுள்ள கடற்கரைக் கிராமங்கள் சிலவற்றுக்கும் அவர்கள்தான் லைன் கொடுத்தார்கள். அங்கே ரௌட்டர்களைப் பார்த்துக்கொண்டவள் அமலி. அவளிடம் வேலை கற்க வந்தவர் குலசேகரன். தொலைபேசி நிலையத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கி, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் வந்து சேர்ந்தவர்.

முதல் நாளே அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டார். கிண்டலாகத்தான் கூப்பிட்டார். ஒரு மாதத்தில் கிண்டல் போய்விட்டது, டீச்சர் மட்டும் நிலைத்துவிட்டது. அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒரு நாள் காலையில் எங்கோ மலைப்பக்கத்து ஊரிலிருந்து போன் வந்தது. பேசியது ஒரு தலைமையாசிரியை. பள்ளிக்கூடத்து லைன் முழுக்க, யாரும் கேட்காத பதில்கள் வந்து குவிகின்றனவாம். பிள்ளைகள் உதவித்தொகைக்காக எழுத உட்கார்ந்த ஆன்லைன் தேர்வு பாதியில் நின்றுவிட்டதாம். அவர்களுக்கு லைன் கொடுத்தவர்கள் தேடிப் பார்த்து, கிளம்பிய இடம் தூத்துக்குடி என்று சொன்னார்களாம்.

"உங்களுக்கு நாங்க என்ன பாவம் செஞ்சோம் சார்?" என்று அந்தம்மாள் அழுதார்.

குலசேகரன் போனை வைத்துவிட்டு அமலியிடம் வந்தார்.

"நாம ஒண்ணும் அனுப்பலையே டீச்சர்?"

"நாம அனுப்பல. நம்ம லைன்ல இருக்கிற ஏதோ ஒரு வீட்டு கேமராவுக்குள்ள எவனோ புகுந்திருக்கான். அது அனுப்புது."

"பள்ளிக்கூடத்துக்கா?"

"பள்ளிக்கூடத்துக்கு இல்ல. உலகத்துல உள்ள வேற மெஷினுக்கெல்லாம்."

"அப்போ பள்ளிக்கூடத்துக்கு ஏன் போகுது?"

அமலி கையை நீட்டினாள்.

"உங்க போனைக் கொஞ்சம் தாங்க."

வாங்கி எதையோ தட்டினாள். திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. குலசேகரனின் சம்பந்தி.

"என்ன அண்ணாச்சி, அவசரமாக் கூப்பிடச் சொன்னீயளாமே?"

"நானா? இல்லையே."

வைத்தவுடன் பால்காரர் கூப்பிட்டார். பிறகு மதுரையிலிருந்து சித்தப்பா மகன், பழைய ஆபீஸ் கூட்டாளிகள், கண் டாக்டரின் உதவியாளர், எதற்கோ ஒரு தடவை பேசிய பந்தல்காரர். எல்லோருக்கும் ஒரே கேள்வி. மத்தியானச் சாப்பாட்டில் அவர் கை வைக்க முடியவில்லை. கடைசியில் அவர் மனைவி, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கம்பெனி நம்பருக்கே கூப்பிட்டார். "அப்பவே பிடிச்சு அடிக்கேன், லைனே கிடைக்கல. யார்கூட இப்படிப் பேசிக்கிட்டு கிடக்கீய?"

அப்போதுதான் குலசேகரனுக்குச் சந்தேகம் வந்தது. போனைத் திறந்து பார்த்தார். அவர் பெயரில், அவருக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் ஒரு செய்தி போயிருந்தது. உடனே கூப்பிடவும்.

"நான் யாரையும் கூப்பிடச் சொல்லலையே டீச்சர்!"

"அந்தப் பள்ளிக்கூடமும் யாரையும் எதுவும் கேக்கல அண்ணாச்சி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அமலி அவருக்காக மூடி வைத்திருந்த சாப்பாட்டை நகர்த்தி வைத்தாள்.

"லைன்ல போற ஒவ்வொரு பாக்கெட்டுலயும், தபால் மாதிரி, அனுப்புநர் முகவரின்னு ஒண்ணு இருக்குல்லா. கேமராவுக்குள்ள புகுந்தவன் அந்த இடத்துல பள்ளிக்கூடத்து முகவரியைப் போட்டு அனுப்பிட்டான். பதில் பூரா அங்க போகுது."

"நம்ம ரௌட்டர் அதைப் பாக்காதா?"

"ரௌட்டர் போற இடத்தை மட்டும்தான் பாக்கும். நீ யாரு, எங்கேருந்து வாறேன்னு கேக்காது. நாமதான் கேக்கச் சொல்லணும்."

"சொல்லிட்டாப் போச்சு. சொன்னா நமக்கு என்ன லாபம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமே இல்லியா?"

"நம்ம வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு எவனும் அடுத்தவனை அடிக்க முடியாது. அவ்வளவுதான்."

"அதுக்கு யாரு மெனக்கெடுவா டீச்சர்?"

"யாரும் மெனக்கெடல. அதான் அந்தம்மா அழுதாங்க."

குலசேகரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. "எப்படிக் கேக்கச் சொல்லணும்?" என்றார்.

"ஒரு பாக்கெட் ஒரு வாசல் வழியா உள்ள வருது. ரௌட்டர் தனக்குள்ளயே ஒண்ணு கேட்டுக்கும். இவனுக்கு நான் பதில் அனுப்பணும்னா இதே வாசல் வழியாத்தானே அனுப்புவேன்? ஆமான்னா உள்ள விடும். இல்லன்னா கீழே போட்டுரும். இதுக்குப் பேரு ஸ்ட்ரிக்ட்."

"கீழே போட்டதை அனுப்புனவனுக்குச் சொல்லுமா?"

"சொல்லாது. யாருக்குன்னு சொல்ல? முகவரியே பொய்யாச்சே."

"நல்ல ஏற்பாடு."

"ஒரு வாசல் வீட்டுக்கு நல்ல ஏற்பாடு" என்றாள் அமலி. "சில இடத்துல ரெண்டு கம்பெனி லைன் வச்சிருப்பாங்க. அனுப்புறது நம்ம வழியா, பதில் வாறது அடுத்தவன் வழியா. முகவரியும் அடுத்தவன் கொடுத்ததா இருக்கும். அந்த ஆளு உண்மையைத்தான் சொல்லுவாரு. ரௌட்டருக்குப் பொய்யாத் தெரியும்."

"அவங்களுக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தி விட்டா?"

"லூஸ்னு ஒண்ணு இருக்கு. உலகத்துல எங்கேயாவது இருக்கிற முகவரியான்னு மட்டும் பாக்கும். பள்ளிக்கூடமும் உலகத்துலதானே இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள்.

"அப்போ என்னதான் செய்ய?"

"நேர்ல போய்க் கேக்கணும். உங்களுக்கு என்னென்ன முகவரின்னு கேட்டு வாங்கி, அந்த வாசல்ல கையால போடணும். அதை நான் சென்னை போயிட்டு வந்த பிறகு சேர்ந்து செய்வோம். அதுவரைக்கும் வீடுகளுக்கு மட்டும் நீங்க போடுங்க."

மறுநாள் அவள் பயிற்சிக்காகச் சென்னைக்குக் கிளம்பினாள்.

குலசேகரன் வீடுகளுக்கெல்லாம் ஸ்ட்ரிக்ட் போட்டு முடித்தார். ரௌட்டர் கீழே போடுவதையெல்லாம் எண்ணிக் காட்டும். அந்த எண் திரையில் ஏறுவதைப் பார்த்ததும் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பவர் மாதிரி திரும்பத் திரும்பப் பார்த்தார். போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க, பொய்யன் ஒவ்வொருத்தனா விழுதான்."

இரண்டு நாள் கழித்துக் காலையில், மிச்சமிருந்த வாசல்களைப் பார்த்தார். இரண்டு லைன் வைத்திருக்கும் இடங்கள். அமலி சொன்னது அவருக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மனம் கொஞ்சம் ஆறும். அந்த இடங்களிலும் கெட்டுப்போன கேமரா ஒன்று இருந்துவிட்டால் என்று நினைத்தார். தலைமையாசிரியையின் அழுகை இன்னும் காதில் இருந்தது. டீச்சர் வருவதற்குள் முடித்துவைத்தால் சந்தோஷப்படுவாள் என்றும் நினைத்தார். எல்லா வாசலுக்கும் ஸ்ட்ரிக்ட் போட்டார்.

கெட்டது செய்ய நினைத்தவனைப் பற்றிச் சொல்வது எனக்குச் சுலபம். இந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வரும்போது வாய் வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் நடந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அன்று மத்தியானம் ஒரு போன் வந்தது. கடற்கரைக் கிராமம் ஒன்றில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி. பேசியது அங்கே நர்ஸாக இருக்கும் ஃபிலோமினா.

"சார், ஒருத்தருக்கு நெஞ்சுவலி. ஈ.சி.ஜி. எடுத்து டவுன் டாக்டருக்கு அனுப்புதேன். சுத்திக்கிட்டே இருக்கு, போக மாட்டேங்குது."

குலசேகரன் திரையைப் பார்த்தார். ஆஸ்பத்திரி லைன் பச்சையாக இருந்தது.

"லைன் நல்லாத்தாம்மா இருக்கு. உங்க கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க."

"அவசரம் சார்."

"அணைச்சுப் போட்டா சரியாயிரும்மா."

அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். குலசேகரன் மறுபடி திரையைப் பார்த்தார். கீழே விழுந்தவற்றின் எண் நன்றாக ஏறியிருந்தது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஃபிலோமினா கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அது எழுந்துவரும்வரை காத்திருந்தாள். திரும்ப அனுப்பினாள். போகவில்லை. திரும்பவும் அனுப்பினாள். பிறகு ஈ.சி.ஜி. தாளைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் கோயில் படிக்கட்டுக்கு ஓடினாள். டாக்டர் பார்த்த உடனே கூப்பிட்டார். எந்த ஊசி போடவேண்டும் என்று சொன்னார். அவள் திரும்பி வந்தபோது ஊசிக்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

இறந்தவர் பெயர் சூசை. காலையில் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர். அமலியின் அண்ணன். அப்பா கடலில் போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர். செல்போனில் எது திறக்காவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார். "ஏட்டி, உன் லைன் தூங்குதுட்டி, எழுப்பி விடு" என்பார். அவளுடைய வேலையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு அமலி வந்து சேர்ந்தாள். அலுவலகத்திலிருந்து எல்லோரும் போனார்கள். குலசேகரனும் ஒரு மாலை வாங்கிக்கொண்டு போனார். கல்லறைத் தோட்டத்து ஓரமாக நின்றுகொண்டிருந்தபோது, பின்னால் ஒரு பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"எத்தனை தடவ அனுப்புனேன் தெரியுமாக்கா. கம்பெனிக்காரருகிட்ட கேட்டா, அணைச்சுப் போடுன்னாரு."

அந்தக் குரல் அவருக்குத் தெரிந்த குரல். திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு லைன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று வாங்கி வைத்த லைன். அந்த வாசலுக்கும் அவர்தான் ஸ்ட்ரிக்ட் போட்டிருந்தார். பக்கத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போனார். ஒவ்வொரு வாசலாக, போட்டதையெல்லாம் எடுத்தார். வீடுகளுக்குப் போட்டதையும் எடுத்தார்.

துக்கம் கழிந்து அமலி வேலைக்கு வந்தாள். வந்ததும் குலசேகரன் அவள் எதிரே போய் நின்றார். எப்படிச் சொல்வது என்று பல நாளாக யோசித்து வைத்திருந்தார். வந்தது இரண்டே சொல்.

"நான்தான் டீச்சர்."

"தெரியும் அண்ணாச்சி."

"எப்போ தெரியும்?"

"ஃபிலோமினாக்கா சொன்ன உடனே தெரிஞ்சுட்டு. நீங்க சிலுவையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதையும் பாத்தேன்."

அவர் தலை குனிந்தார். "நேரத்துக்குப் போயிருந்தா பிழைச்சிருப்பாரா?"

"டாக்டர் தெரியாதுன்னுதான் சொன்னாரு. நானும் தெரியாதுன்னே வச்சுக்கிட்டிருக்கேன். இல்லன்னா இந்த ஆபீஸ்ல என்னால உக்கார முடியாது."

"எல்லாத்தையும் எடுத்துட்டேன் டீச்சர். நாளையிலருந்து நானும் வரல."

அமலி திரையின் முன் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வாசலைத் திறந்தாள். ஸ்ட்ரிக்ட்டை எடுத்த பிறகும், கீழே விழுந்தவற்றின் பழைய எண் அழியாமல் அங்கேயே நின்றது. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இங்க வாங்க அண்ணாச்சி. இதைப் பாருங்க."

அவரால் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்தார்.

"நீங்க எல்லாருக்கும் காட்டுனீங்களாமே. எனக்கும் காட்டுங்க. இதுல எது பொய், எது எங்க அண்ணன்?"

குலசேகரன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அமலியும் அழுதாள். பேரப்பிள்ளை எடுத்த ஒரு மனிதரும், தன்னைவிட எவ்வளவோ இளையவளான அவருடைய டீச்சரும், ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். டீ கொண்டுவந்தவர் வாசலோடு திரும்பிப் போய்விட்டார்.

அப்போது போன் அடித்தது. அமலி எடுக்கவில்லை. குலசேகரன்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"யாரு?"

"அந்தத் தலைமையாசிரியை. நடுவுல கொஞ்ச நாள் அமைதியா இருந்ததாம். இப்போ திரும்ப ஆரம்பிச்சிருச்சாம். நாளை மறுநாள் அந்தப் பிள்ளைகளுக்கு மறு தேர்வாம்."

அமலி மறுபடி அந்த எண்ணைப் பார்த்தாள்.

"போட்டா உங்க அண்ணன். போடாட்டா அந்தப் பிள்ளைகள். நான் என்ன செய்ய டீச்சர்?"

"போய்க் கேட்டுட்டு வாங்க."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. அவங்களுக்கு என்னென்ன முகவரின்னு."

"அந்த ஊருக்கா? நானா?"

"நீங்கதான்."

"என் கையால வேண்டாம் டீச்சர். நீங்களே போட்டுருங்க."

"நான் போட்டா உங்களுக்குத் தெரியாமலே போயிரும்" என்றாள் அமலி.

அவர் பஸ் ஏறினார். சூசையின் வீட்டைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பந்தலைப் பிரித்திருந்தார்கள். வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஓரத்தில் பாதி பொத்திய வலை கிடந்தது. அதை யாரும் எடுத்து வைக்கவில்லை. நூல் கோத்த ஊசி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஃபிலோமினாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. வாயைத் திறந்து பேசியதும் தெரிந்துவிட்டது.

"அணைச்சுப் போடச் சொன்னது நீங்களா?"

"ஆமாம்மா."

அவள் உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, இன்னொரு கம்பெனிக்காரர்கள் கொடுத்த முகவரிகளைச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

அங்கிருந்து ஐஸ் பேக்டரிக்குப் போனார். பிறகு உப்பளத்து ஆபீஸுக்கு. இரண்டு லைன் வைத்திருந்த எல்லா இடத்துக்கும் போனார். மறுநாள் மத்தியானம்தான் அலுவலகத்துக்கு வந்தார். சட்டை வேர்வையில் ஊறியிருந்தது.

"கேட்டுட்டேன் டீச்சர்."

"போடுங்க."

அமலி பக்கத்தில் நின்றாள். அவர் ஆஸ்பத்திரி வாசலில் அவர்களுடைய முகவரிகளை ஒவ்வொன்றாகப் போட்டார். இவற்றை விடு, மற்றதை நிறுத்து. போட்டு முடித்ததும் போனை எடுத்தார்.

"இப்போ ஏதாவது அனுப்பிப் பாரும்மா. போகுதா?"

"போகுது சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா."

"போயிட்டு சார். டாக்டருக்குக் கிடைச்சிட்டாம்."

அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் வைக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

ஒவ்வொரு இடத்தையும் அப்படியே கூப்பிட்டுக் கேட்டார். அதற்குப் பிறகு வீடுகளுக்குப் போட்டார். எல்லாம் முடிய வெயில் தாழ்ந்துவிட்டது. பழைய எண்களை அழிக்கலாமா என்று அவர் கேட்டார். அமலி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தாள். எல்லா வாசலிலும் எண் பூஜ்யமாயிற்று. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தலைமையாசிரியை கூப்பிட்டார். வந்து குவிந்தது நின்றுவிட்டதாம், நாளைக்குத் தேர்வு நடக்குமாம். குலசேகரன் கேட்டுக்கொண்டார். சந்தோஷம் என்று அவர் சொல்லவில்லை.

அவர் போனை வைத்தபோது திரையில் ஒரு எண் மாறியது. அவர் திரைக்கு நெருங்கிக் குனிந்தார்.

"டீச்சர், ஒண்ணு விழுந்திருக்கு."

"எந்த வாசல்?"

"துறைமுகத்துக்குப் போற தெருவுல ஒரு வீடு. ஒரு லைன் உள்ள வீடுதான். அந்தக் கேமராவாத்தான் இருக்கும். பொய்யாத்தான் இருக்கும் டீச்சர்."

"இருக்கலாம்" என்றாள் அமலி. "போய்ப் பாத்துட்டு வாங்க அண்ணாச்சி."